இடது காலுக்கு நான் வைத்த வேண்டுதல்

என் மகள் தாண்டுவதை முதல் முறை பார்க்கப் போனபோது, அவள் தவறி விழுந்துவிட்டாள் என்று நினைத்து எழுந்து நின்றுவிட்டேன். வளைந்து ஓடிவந்தவள் கம்புக்குப் பக்கத்தில் வந்ததும் முதுகைத் திருப்பினாள். முதலில் தலை போனது, பிறகு முதுகு, கடைசியாக இரண்டு கால்களும். அந்தப் பக்கம் மெத்தைமேல் மல்லாந்து விழுந்தாள். கம்பு ஆடாமல் அப்படியே இருந்தது. பின்னால் இருந்த ஒருவர் என் சட்டையைப் பிடித்து இழுத்து, "அப்படித்தாங்க தாண்டோணும். உக்காருங்க, மறைக்குது" என்றார்.

அது சேலத்தில் நடந்த மாவட்டப் போட்டி, உயரம் தாண்டுதல். அவள் அப்போது பத்தாவது படித்தாள். நான் எட்டாவதோடு நின்றவன். ஏற்காட்டில் ஒரு காப்பி எஸ்டேட்டில் எனக்கு வேலை. மிளகுப் பருவத்தில் சில்வர் ஓக் மரத்தில் ஏணி சாய்த்து மிளகு பறிப்பேன். மற்ற நாளில் கவாத்து, உரம், மருந்து அடிப்பது, எஸ்டேட் கணக்கு எழுதும் ரைட்டர் எதைச் சொன்னாலும் அது. என் வீட்டுக்காரியும் அதே எஸ்டேட்டில் காப்பிப் பழம் பறிக்கிறாள். எங்கள் இரண்டு பேர் வீட்டிலும் இவ்வளவு உயரமாக யாரும் பிறந்ததில்லை. பதின்மூன்று வயதிலேயே, எஸ்டேட்டில் வரிசையாகக் கட்டிக்கொடுத்த லைன் வீட்டு நிலைப்படியில் தலையை இடித்துக்கொள்ள ஆரம்பித்தாள்.

அன்றைக்கு அவள்தான் முதலில் வந்தாள். மற்ற பிள்ளைகள் ஒவ்வொருவராக வெளியேறி, கடைசியில் இவள் ஒருத்தி மட்டும் நின்றாள். பரிசு இவளுக்குத்தான் என்று ஆகிவிட்டது. அப்புறமும் கம்பை ஏற்றினார்கள். தட்டினாள். மறுபடி வைத்தார்கள், மறுபடி தட்டினாள். மூன்றாம் முறையும் தட்டிய பிறகுதான் போகச் சொன்னார்கள். ஜெயித்த பிள்ளையை எதற்கு இப்படித் தோற்க வைத்து அனுப்புகிறார்கள் என்று எனக்கு மனசு ஆறவில்லை. மலை ஏறும் பஸ்ஸில் அவளிடம் கேட்டேன்.

"இதுல அப்படித்தாம்ப்பா. முதல்ல வந்தவளும் தட்டிட்டுத்தான் வெளிய வரோணும்" என்றாள், கடலையை உரித்துக்கொண்டே.

அதற்குப் பிறகு அவளை விளையாட்டு விடுதியில் சேர்த்துக்கொண்டார்கள். சாப்பாடு, படிப்பு, பயிற்சி எல்லாம் அங்கேயே. நாங்கள் பார்ப்பது தீபாவளிக்கும் பொங்கலுக்கும்தான். வரும்போதெல்லாம் பெட்டி நிறையத் துணியும் இரண்டு மூன்று மெடலும் இருக்கும். மாநிலம், தென்னிந்தியா என்று ஒவ்வொன்றாக வாங்கினாள். மெடல்களைச் சாமி படத்துக்குப் பக்கத்தில் ஆணி அடித்து மாட்டினேன். வெள்ளிக்கிழமை விளக்கேற்றும்போது அவற்றுக்கும் ஒரு சுற்று சூடம் காட்டுவேன். அதில் தப்பு இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை. மாரியாத்தா கொடுத்ததுதானே.

அவள் எழும்புவது இடது காலில். வேகமாக ஓடிவந்து, கடைசி அடியில் அந்த ஒற்றைக் காலைத் தரையில் ஊன்றி, உடம்பு முழுவதையும் அதிலிருந்துதான் மேலே தூக்க வேண்டும். லீவுக்கு வந்தால் அவள் அம்மா விளக்கெண்ணெய் காய்ச்சி அந்தக் காலை மடியில் வைத்து நீவிவிடுவாள். "ஏம்மா, சோத்துக்கால் என்ன பாவம் பண்ணுச்சு?" என்று வலது காலையும் நீட்டுவாள் மகள்.

பத்தொன்பது வயதில் அந்தக் கால் போனது. கீழே விழவில்லை, எதிலும் இடிக்கவில்லை. பாதத்தின் நடுவில் இருக்கிற சின்ன எலும்பில் மயிரிழை மாதிரி ஒரு விரிசல் என்றார் டாக்டர். ஊன்றி ஊன்றியே வந்ததாம். மாவுக்கட்டுப் போட்டு, ஊன்றக் கூடாது என்று சொல்லி வீட்டுக்கு அனுப்பினார்கள். எஸ்டேட் ஜீப்பில் ஏற்றி, லைன் வரைக்கும் கொண்டுவந்து, நானும் பக்கத்து வீட்டுக்காரரும் தூக்கி உள்ளே வைத்தோம். அவள் அழுது நான் பார்த்தது அந்த இரண்டு மாதத்தில்தான். சத்தம் வராது. சுவரைப் பார்த்துப் படுத்திருப்பாள். முதுகு மட்டும் அசையும். தட்டில் வைத்த சோறு அப்படியே ஆறிக் கிடக்கும். எனக்கு என்ன செய்வது என்று தெரியவில்லை. மிளகுக் கொடிக்கு நோய் வந்தால் என்ன மருந்து என்று தெரியும். பிள்ளையின் எலும்புக்குள் இருப்பதை நான் எங்கே போய்ப் பார்ப்பது?

எங்கள் லைனுக்கு மேலே ஒரு மாரியம்மன் கோயில் உண்டு. எந்த உறுப்பில் நோவு வருகிறதோ அந்த உறுப்பைத் தகட்டில் செய்து சாத்துவது எங்கள் வழக்கம். கண்ணில் நோவு என்றால் கண்மலர், கால் என்றால் கால். வெள்ளித் தகட்டில் விரல்நீளத்துக்கு ஒரு கால் சேலத்துக் கடைவீதியில் எந்தக் கடையில் கேட்டாலும் கொடுப்பார்கள். நானும் அதைத்தான் நினைத்துக்கொண்டு வீட்டுக்காரியோடு போனேன். ஆனால் ஆத்தா முன்னால் நின்றபோது, உண்டியலுக்குப் பக்கத்துத் தட்டில் அந்தத் தகட்டுக் கால்கள் ஒரு குவியலாகக் கிடந்ததைப் பார்த்தேன். சுளுக்குக்கும் மூட்டு வலிக்கும் சாத்தியவை. என் மகள் கால் இந்தக் குவியலில் ஒன்றா என்று தோன்றியது. மனசு ஒப்பவில்லை. வாய்விட்டுச் சொன்னேன்: "ஆத்தா, இந்தக் கால் மறுபடியும் எழும்பட்டும். அந்தக் காலையே உன் பூவுல எறக்கறேன்."

பூ என்றால் ஆடியில் நடக்கும் பூமிதி. நெருப்பை நாங்கள் நெருப்பு என்று சொல்வதில்லை.

வெளியே வந்ததும் என் வீட்டுக்காரி கேட்டாள். "ஏனுங்க, வேண்டுனது நீங்க. நடக்கறது அவளா? ஒரு வார்த்தை எங்கிட்டக் கேக்கறதில்லையா?" அப்போதுதான் நான் சொன்னது எனக்கே விளங்கியது. ஆனால் சொன்னதைத் திரும்ப வாங்க முடியாது. மகளிடம் சொல்லவேண்டாம் என்று இரண்டு பேரும் பேசிக்கொண்டோம். முதலில் கால் சரியாகட்டும்.

கால் சரியானது. டாக்டரே படத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து நன்றாகக் கூடியிருக்கிறது என்றார். அடுத்த வருடம் அவள் தேசிய சாம்பியன். வடக்கே எங்கேயோ நடந்தது. வாட்ஸாப்பில் வந்த படத்தை எஸ்டேட்டில் எல்லாருக்கும் காட்டினேன். நான் பக்கத்தில் நின்றால் என் தலைக்கு மேல் ஒரு சாண் உயரத்தில் கம்பு இருக்கும். அதற்கும் மேலே இவள் வானத்தைப் பார்த்துப் படுத்திருக்கிறாள். ஏற்காடு பஸ் ஸ்டாண்டில் மேளம் வைத்து மாலை போட்டு இறக்கினார்கள். தள்ளியிருக்கிற செம்மநத்தத்தில் இருந்துகூட ஆள் வந்து பார்த்துப் போனார்கள். விளையாட்டு ஒதுக்கீட்டில் ஒரு ஆபீசில் வேலையும் கிடைத்தது. நான் மறுநாளே கோயிலுக்குப் போய் நூற்றெட்டு எலுமிச்சை மாலை சாத்தினேன். சாத்தும்போது ஆத்தா முகத்தை நிமிர்ந்து பார்க்கவில்லை.

அந்த ஆடியில் அவள் பயிற்சி முகாமில் இருந்தாள். அடுத்த ஆடியில் வெளிநாட்டுப் போட்டி. பூமிதி அன்றைக்கு மற்றவர்கள் இறங்குவதைப் பார்த்துக்கொண்டு நிற்பேன். "உம்மவ எப்பப்பா வருவா, பாத்து நாளாச்சு" என்று சாதாரணமாக யாராவது கேட்டாலும் கூட்டத்துக்குப் பின்னால் நகர்ந்துவிடுவேன். கீழே சேலத்தில் ஆடிப்பண்டிகை நடக்கிற அதே நாட்களில்தான் இங்கேயும் நடக்கும். அவளுக்கும் அந்த மாதங்கள்தான் போட்டிக் காலம். இரண்டும் ஒன்றின்மேல் ஒன்று வந்து விழுந்தன.

மூன்றாம் வருடம் போனில் அவள் குரல் வேறு மாதிரி இருந்தது. காலையில் எழுந்ததும் பத்து அடி நொண்டிய பிறகுதான் கால் சரியாகிறது என்று அவள் அம்மாவிடம் சொல்லியிருக்கிறாள். அடுத்தடுத்து இரண்டு போட்டிகளில் முதல் உயரத்திலேயே தட்டினாள். ஆசியப் போட்டிக்கு ஆள் எடுக்கும் தேர்வு நான்கு மாதத்தில் வருகிறது. அவளுக்கு இருபத்துமூன்று ஆகிறது. இந்த முறை விட்டால் மறுபடி வாய்ப்பு வருமா தெரியாது என்றாள். என் வீட்டுக்காரி போனை வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள்.  நானே சட்டையைப் போட்டுக்கொண்டு பூசாரி வீட்டுக்குப் போனேன்.

மகளுக்குப் பதிலாக நான் இறங்கினால் ஆகாதா என்று கேட்டேன். பூசாரி என்னைவிட மூத்தவர், அதே எஸ்டேட்டில் காவலுக்கு இருந்து ரிட்டையர் ஆனவர். "என்னைக் கேட்டா நானென்ன சொல்லட்டும் தம்பி? பூ கேட்டுப் பாத்துரலாம்" என்றார்.

எங்கள் பக்கத்தில் சாமியிடம் சம்மதம் கேட்பது பூ வைத்துத்தான். ஒரு தாளில் வெள்ளைப்பூ, ஒரு தாளில் சிவப்புப்பூ. வித்தியாசம் தெரியாமல் மடித்து, ஆத்தா காலடியில் குலுக்கிப் போட்டு, ஒன்றை எடுப்பார்கள். வெள்ளை வந்தால் சரி, சிவப்பு வந்தால் இல்லை. அதற்குமேல் பேச்சில்லை. என் வீட்டுக்காரிதான் எடுத்தாள். பிரித்தாள். செவ்வரளி.

அன்று சாயங்காலம் டவர் நன்றாகக் கிடைக்கிற ரோட்டு வளைவு வரைக்கும் நடந்துபோய் மகளுக்குப் போன் செய்தேன். எல்லாவற்றையும் சொன்னேன்.  

"எங்காலையாப்பா?"

"ஆமா சாமி."

"மொட்டை போடறேன்னு வேண்டியிருக்கலாமில்லப்பா? முடி போனா இன்னும் லேசாத் தாண்டியிருப்பேன்."

சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. திட்டியிருந்தால் பரவாயில்லை என்று இருந்தது. பிறகு அவளே நிதானமாகச் சொன்னாள். "இப்ப என்னால ஆகாதுப்பா. கால் ஒரு கொப்புளம் போட்டாலும் மாசம் போயிரும். ஆத்தாகிட்டச் சொல்லுங்க, நான் குதிக்கறது முடியற வரைக்கும் பொறுத்துக்கட்டும். முடிஞ்ச ஆடியிலயே வந்து எறங்கறேன். இது என் வாக்கு, உங்களது இல்ல."

அவள் சொன்னபடியே போய்க் கேட்டேன். "ஆத்தா, எம்புள்ள குதிப்பு முடியற வரைக்கும் பொறுத்துக்குவியா?" பூசாரி குலுக்கிப் போட்டார். இந்த முறை நந்தியாவட்டை வந்தது. வெள்ளை. அந்தப் பூவைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, தபாலில் மகளுக்கு அனுப்பினேன். அன்று ராத்திரி இரண்டு வருடத்துக்குப் பிறகு நன்றாகத் தூங்கினேன் என்றுதான் சொல்ல வேண்டும்.

தேர்வைச் செல்போனில் காட்டினார்கள். ரைட்டரிடம் சொல்லி அரை நாள் லீவு வாங்கி, நானும் வீட்டுக்காரியும் அந்த வளைவில் போய் உட்கார்ந்தோம். பழம் பறிக்கிற பெண்கள் நாலு பேர் கூடையோடு வந்து பின்னால் நின்றார்கள். படம் நின்று நின்று வந்தது. முதல் உயரம் தாண்டினாள். இரண்டாவதும் தாண்டினாள், சுத்தமாக, கம்பு மூச்சுக்கூட விடவில்லை. பின்னால் நின்றவர்கள் கை தட்டினார்கள். என் வீட்டுக்காரி தாலியைப் பிடித்துக்கொண்டு வாய்க்குள் ஏதோ சொல்லிக்கொண்டே இருந்தாள்.

மூன்றாவது உயரத்துக்கு ஓடிவந்தாள். வளைந்தாள். இடது காலை ஊன்றினாள். எழும்பவில்லை. கம்புக்குக் கீழேயே போய் மெத்தைமேல் கைகளை ஊன்றி உட்கார்ந்தாள். ஷூ கயிறு அவிழ்ந்திருக்கும், கட்டுகிறாள் என்று நான் சொன்னேன். குனிந்தபடி அந்தக் காலை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டிருந்தாள். அதற்குள் படம் மாறியது. ஆண்கள் ஓட்டப்பந்தயம். அது முடிந்து ஈட்டி. மறுபடியும் ஓட்டம். உயரம் தாண்டுவதைக் காட்டவே இல்லை. அவள் போனுக்கு அடித்தோம், மணி போய்க்கொண்டே இருந்தது. அவளுடைய கோச்சுக்கு அடித்தோம், எடுக்கவில்லை. பெண்கள் ஒவ்வொருவராகக் கூடையை எடுத்துக்கொண்டு போனார்கள். பனி இறங்கிவிட்டது. மூன்று மணிநேரம் ஓடுகிறவர்களையும் எறிகிறவர்களையும் பார்த்துக்கொண்டிருந்தோம், எங்கள் பிள்ளை ஒரு மூலையில் எப்போதாவது தெரிவாளா என்று. போன் சார்ஜ் தீர்ந்தது. வேறு என்ன செய்ய முடியும், வீட்டுக்கு வந்தோம்.

பழைய இடத்திலேயே எலும்பு இரண்டாகப் பிரிந்துவிட்டது. ஆபரேஷன் செய்து திருகாணி வைத்தார்கள். நான் போய் ஆஸ்பத்திரியில் இருந்தேன். கோச் என்னை வராண்டாவுக்குக் கூட்டிப்போய், "நடக்கலாங்க, வேலைக்குப் போலாம். குதிக்க முடியாது. நானே அவகிட்டச் சொல்லிட்டேன்" என்றார். அவர் கண் கலங்கியிருந்தது. நான்தான் அவருக்கு ஆறுதல் சொன்னேன். என்ன சொன்னேன் என்று நினைவில்லை.

எனக்குள் ஒன்று குடைந்துகொண்டே இருந்தது. குதிப்பு முடிகிறவரை பொறு என்று கேட்டவன் நான். அப்படிக் கேட்டதால்தான் சீக்கிரம் முடிந்ததோ? வேறு மாதிரி கேட்டிருக்கலாமோ? பத்து வருடம் என்று கேட்டிருக்கலாமோ? மகளை வீட்டுக்குக் கூட்டி வந்த பிறகு ஒரு நாள் வீட்டுக்காரியிடம் சொன்னேன். அவள் அடுப்பைப் பார்த்தபடியே சொன்னாள்: "ஆத்தா என்ன ஆபீசரா, சொன்ன வார்த்தையப் புடிச்சுட்டு நிக்கறதுக்கு? போயிப் புள்ளைக்குச் சுடுதண்ணி வெய்யுங்க." சுடுதண்ணி வைத்தேன். குடைச்சல் போகவில்லை.

ஆடி பிறந்தது. கோயில் முன்னால் திருவிழாக் கம்பம் நட்டார்கள். காப்புக் கட்டுகிற நாளுக்கு முந்தின நாள், நான் சேலத்துக்குப் போய் வெள்ளியில் ஒரு கால் வாங்கி வந்தேன். எல்லாரும் சாத்துகிற அதே தகடுதான். பூசாரியிடம் பேசி, அழுது, எப்படியாவது இதோடு முடித்துவிடலாம் என்று நினைத்தேன். மகள் அதை என் சட்டைப்பையில் இருந்து எடுத்துப் பார்த்தாள்.

"இதென்னப்பா?"

"உனக்குத்தான் கண்ணு. நீ எறங்க வேண்டாம். உள்ள இரும்பு வெச்சிருக்குது."

"டாக்டர் நடக்கச் சொல்லியிருக்காரு. பத்தடி நடக்க முடியாதா எனக்கு?"

"எதுக்கு சாமி? கால்தான் போச்சே."

"பூ கேட்டது நீங்க. வெள்ளை வந்துச்சு. குதிக்கறது முடிஞ்சுது. இன்னும் என்னப்பா இருக்குது?" என்றாள். கோபமாகச் சொல்லவில்லை. கடைக்குப் போய் வருகிறேன் என்று சொல்வதுபோல் சொன்னாள். அவள் அம்மா குறுக்கே ஒரு வார்த்தை பேசுவாள் என்று பார்த்தேன். அவள் மஞ்சள் துணியைக் கிழித்துக் காப்புக் கயிறு திரித்துக்கொண்டிருந்தாள். இரண்டு. ஒன்று மகளுக்கு, ஒன்று எனக்கு.

பூமிதிக்கு மலையில் கிடைக்கிற கட்டை சரிப்படாது. வேலங்கட்டை கீழே இருந்து குப்பனூர் வழியாக லாரியில் வரும். காலையிலேயே பற்ற வைத்து, சாயங்காலம் கனலாகும். ஆடித் தூறல் விட்டுவிட்டுப் பெய்ததால் இரண்டு பக்கமும் தார்ப்பாயைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஆட்கள் நின்றார்கள். தூறல் உள்ளே விழும்போதெல்லாம் உஸ்ஸென்று ஆவி எழுந்தது. மஞ்சள் சேலை நனைந்து உடம்போடு ஒட்ட, வரிசையில் மற்ற எல்லாரையும்விட ஒரு தலை உயரமாக என் மகள் நின்றாள். நான் அவளுக்கு அடுத்து நின்றேன். ஆபரேஷன் தழும்பு பாதத்துக்குக் குறுக்கே ஒரு விரல் நீளம். சூட்டில் காய்ந்த மண்ணில் அந்தக் கால் ஒருமாதிரி வெளிப்பக்கம் சாய்ந்து ஊன்றியிருந்தது.

மற்றவர்கள் ஓடுவார்கள். ஓடித்தான் கடக்க வேண்டும். நான் அவள் காதில் சொல்லியிருந்தேன், நிற்காதே, ஓடிவிடு என்று. பூசாரி பிரம்பால் தொட்டதும் அவள் இறங்கினாள். நடந்தாள். தினமும் பாத்ரூமுக்குப் போகிற நடை எதுவோ அதே நடை, கொஞ்சம் நொண்டல். நான் அவளை முந்த முடியாது, தள்ளவும் முடியாது. அவள் எவ்வளவு மெதுவாகப் போனாளோ அவ்வளவு மெதுவாக நானும் போனேன். என் காலில் சூடு ஏறியதா என்று எனக்குத் தெரியாது. அவள் இடது குதிகால் தூக்குவதையும் வைப்பதையும் மட்டும் பார்த்தேன். ஒவ்வொரு முறை வைக்கும்போதும் "ஆத்தா" என்றேன். பெண்கள் குலவை போட்டார்கள்.

அந்தப் பக்கம் பால் ஊற்றிய குழியில் இரண்டு பேரும் இறங்கி நின்றோம். அவள் அம்மா கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்து மண்டியிட்டு, அந்தக் காலைத் தூக்கி முந்தானையால் துடைத்துத் திருப்பிப் பார்த்தாள். கொப்புளம் இல்லை. சிவக்கக்கூட இல்லை. சுற்றி நின்றவர்கள் ஆத்தா காப்பாற்றிவிட்டாள் என்று சொல்லிக் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள்.

"சுட்டுச்சா சாமி?" என்று கேட்டேன்.

"சூடு ஒண்ணுமே தெரியலப்பா" என்றாள். பிறகு யாருக்கும் கேட்காதபடி என் பக்கம் குனிந்து, "கால்தான் உள்ள எப்பவும்போல வலிக்குது" என்றாள்.

ஆத்தாவைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டேன். என்ன கேட்டுக் கும்பிடுவது என்று தெரியவில்லை. பின்னால் வந்தவர்கள் குழியில் இடம் கேட்டார்கள். மகளைக் கைத்தாங்கலாகப் பிடித்து மேலே ஏற்றினேன்.